மகனுக்குப் பெயர் யஹ்யா, மிடில் நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

காயல்_பொண்ணு

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கும் மச்சானுக்கும் (என் கணவர்) ஊர் காயல்பட்டினம். இன்ஷா அல்லாஹ் இன்னும் ஐந்து வாரத்தில் மகன் பிறக்கப் போகிறான். பெயர் முடிவாகிவிட்டது, யஹ்யா. குர்ஆனின் மர்யம் சூராவில் இந்தப் பெயரை இதற்கு முன் யாருக்கும் வைத்ததில்லை என்று அல்லாஹ்வே சொல்கிற பெயர். ஓதும் பள்ளியான மக்தபில் அந்த சூரா ஓதிய நாளிலிருந்து எனக்கு இதன் மேல் ஆசை. இதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். பிரசவத்துக்குப் பதியும்போதே ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கிளம்புவதற்குள் நிரப்பிக் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இரண்டுக்கும் அதுவே போகுமாம். ஃபர்ஸ்ட், மிடில், லாஸ்ட் என்று மூன்று கட்டம்.

மச்சான் பெயர் இப்ராஹிம். அவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அவர் தகப்பனாரான மாமாவின் பெயர் இருக்கிறது, முத்து மீரான் என்று இரண்டு சொல்லாக. ஊர் வழக்கப்படி மகனுக்குப் பின்னால் வாப்பா பெயர்தானே வரணும், அதனால் லாஸ்ட் நேம் இப்ராஹிம் என்று வைத்துக்கொண்டோம். நடுக் கட்டம் காலி.

மாமி, முன்னால் முகம்மது போட்டு யஹ்யாவை நடுவில் வையுங்கள் என்கிறார்கள். மச்சானுக்கு அந்தக் கட்டமே வேண்டாம். அவர் இப்போது சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறார். அதில் பெயர் மாற்றவும் கேட்கலாம் என்பதால் தன் பெயரிலிருந்தே முத்துவை எடுத்துவிட்டு மீரான் என்று மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார். வங்கியில், இன்ஷூரன்ஸில், மருந்துக் கடையில் எல்லா இடத்திலும் முத்துவை மிடில் நேமாக எடுத்துக்கொண்டு அவரைப் படாத பாடு படுத்துகிறார்கள்.

என் ஆசை வேறு. நடுவில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கணும். இனியன் என்று நினைத்திருக்கிறேன். இந்தப் பிள்ளை இங்கேதான் வளரப் போகிறான். இங்குள்ள பள்ளிவாசலில் அரபிகளும் பாகிஸ்தானிகளும்தான் அதிகம். யஹ்யா இப்ராஹிம் என்றால் எந்த நாட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு அவனுக்கே தெரியாமல் போகும். அவன் தமிழ்ப் பிள்ளை என்பதற்குப் பெயரில் ஒரு சொல்லாவது சாட்சியாக இருக்கணும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

தமிழ்ப் பெயர் வைப்பதில் மார்க்கத்தில் தடை இருக்கிறதா? படிவத்தில் பின்னால் தொல்லை வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை_ராவுத்தர்

வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. மாமி சொல்றதைக் கேளுங்க. என் பெயரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ரசூலுல்லாஹ்வே சொன்னது நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கு. எங்க வீட்டில் ஆண்பிள்ளை என்றால் முன்னால் முகம்மது இல்லாமல் பெயரே கிடையாது. எனக்கு, எங்க அத்தாவுக்கு, என் மூணு மகன்களுக்கு, எல்லாருக்கும் அப்படித்தான். பிள்ளையைக் கூப்பிடுறது எப்படியும் யஹ்யான்னுதான். பரக்கத்துக்கு முன்னால் அந்தப் பெயர் இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர் வேணும்னா வீட்டில் கூப்பிட்டுக்கலாம். சான்றிதழில் எதுக்கு?

மேலப்பாளையத்தான்

ராவுத்தர் அண்ணன் சொல்றது நம்ம ஊருக்குச் சரி. அங்கே முகம்மது முன்னால் இருந்தாலும் எல்லாருக்கும் பிள்ளையின் பெயர் எதுன்னு தெரியும். இங்கே முதல் கட்டத்தில் எதை எழுதுறோமோ அதுதான் பெயர். மத்தது காணாமல் போயிடும்.

என் கதையைச் சொல்றேன். என் பெயர் அப்துர் ரஹ்மான். அது ஒரே பெயர். அப்து என்றால் அடிமை, ரஹ்மான் அல்லாஹ்வின் திருநாமம், ரெண்டும் சேர்ந்தால்தான் அர்த்தம். அரபியில் 'ரே' சூரிய எழுத்து என்பதால் நடுவில் உள்ள 'லாம்' ஓசை அதிலேயே கரைஞ்சு அப்துர் ரஹ்மான்னு வரும். காதிர் என்றால் அப்துல் காதிர், ஸமது என்றால் அப்துஸ் ஸமது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் அப்துல் ரஹ்மான்னு ரெண்டாப் பிரிச்சு எழுதினார். பாஸ்போர்ட்டில் அப்துல் ஒரு பக்கம், ரஹ்மான் ஒரு பக்கமா ஏறிடுச்சு. பதினாறு வருஷமா ஆபீஸில் நான் "அப்துல்". அதாவது "இன்னாரின் அடிமை" என்பதில் இன்னார் யாருன்னு சொல்லாமல் நிறுத்துறாங்க. கடிதம் வந்தால் "மிஸ்டர் ரஹ்மான்". அது அல்லாஹ்வுக்கு மட்டும் உரிய பெயர். முதல் தடவை அந்த உறையைப் பார்த்தப்போ என் உம்மா அழுதுட்டாங்க. ரெண்டு சொல்லையும் ஒண்ணாச் சேர்த்து எழுதியிருந்தா இந்த வேதனையே இல்லை.

முகம்மது விஷயமும் அப்படித்தான். என் தம்பிக்கு முன்னால் முகம்மது. ஒரு சான்றிதழில் அதைச் சுருக்கி ரெண்டு எழுத்து, இன்னொண்ணில் நாலு எழுத்து, பாஸ்போர்ட்டில் முழுசா. அதிலும் 'ஓ'வா 'யூ'வா, 'எம்' ஒண்ணா ரெண்டா, கடைசியில் 'ஈ'யா 'ஏ'யான்னு ஊருக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க. மூணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அவன் அலைஞ்ச அலைச்சல் எனக்குத் தெரியும். அவன் வகுப்பில் அஞ்சு முகம்மது. டீச்சர் அஞ்சு பேரையும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார். அவன் சொந்தப் பெயரை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருமே சொன்னதில்லை.

யஹ்யாவை முதல் கட்டத்தில் வையுங்க. அதை யாருக்காகவும் மாத்தாதீங்க.

தஞ்சை_ராவுத்தர்

தம்பி சொல்றதில் நியாயம் இருக்கு. ரஹ்மான் விஷயம் எனக்கும் மனசுக்குச் சங்கடமாப் போச்சு. அப்போ நடுவில் முகம்மது போடலாமே? யஹ்யா முகம்மது இப்ராஹிம். மாமிக்கும் நிறைவா இருக்கும்.

இளமாறன்_அம்மா

சகோதரிக்கு வணக்கம். நான் மதுரை, என் கணவர் எகிப்துக்காரர். எங்கள் மகனுக்கு முதல் பெயர் கரீம், நடுவில் இளமாறன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

முதலில் ஒரு விஷயம். மிடில் நேம் என்ற ஒன்று அரபிகளிடம் கிடையாது. மருத்துவமனையில் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு என் கணவர், "ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு பெயர்?" என்றுதான் கேட்டார். அவர்களுக்குப் பெயர் என்பது ஒரு சங்கிலி. பிள்ளையின் பெயர், அடுத்து அப்பா பெயர், அடுத்து தாத்தா பெயர், அதற்கும் அடுத்து முப்பாட்டன் பெயர் அல்லது குடும்பப் பெயர். எகிப்து அடையாள அட்டையில் நான்கு பெயர் வரிசையாக இருக்கும். நடுவில் 'இப்னு' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே அரபிகள் அமெரிக்கப் படிவத்தை நிரப்பும்போது நடுக் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

அந்த நாட்டில் 1994ஆம் வருஷத்து 143ஆம் எண் சிவில் பதிவுச் சட்டப்படி பிள்ளைக்குக் கூட்டுப் பெயரே வைக்க முடியாது. முகம்மது யஹ்யா என்று ஒரே பிள்ளைக்கு இரண்டு சொல் பதிய மாட்டார்கள். எங்களுக்கு அங்கேதான் இடித்தது. அமெரிக்கச் சான்றிதழில் கரீம் இளமாறன், எகிப்துச் சான்றிதழில் வெறும் கரீம், அடுத்து அப்பா பெயர். இரண்டு நாட்டுத் தாளும் ஒரே பிள்ளைக்கு உரியவை என்று நோட்டரி போட்ட கடிதம் ஒன்றை எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போகிறோம்.

ஆனாலும் இளமாறன் வைத்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. இப்போது எட்டு வயது. தன் பெயரைத் தமிழில் எழுதும்போது 'ள'வுக்கு அந்தக் கடைசிக் காலை அவன் இழுப்பதைப் பார்க்கணும், நோட்டை விட்டே வெளியே போகும். அந்த எழுத்து தன் பெயரில் இருக்கிறது என்பதற்காகவே தமிழ் படிக்க உட்கார்ந்தவன் அவன்.

காயல்_பொண்ணு

ராத்தா, அந்த 'ள' விஷயத்தைப் படித்துவிட்டு மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

சங்கிலி என்று நீங்கள் சொன்னது யோசிக்க வைக்கிறது. அப்படியானால் இப்ராஹிம் நடுவில் வரணும். பிறகு லாஸ்ட் நேமில் என்ன எழுதுவது?

பினாங்கு_மாமா

இங்கே மலேசியாவில் அந்தப் பிரச்சினையே இல்லம்மா. முஸ்லிம் என்றால் அடையாள அட்டையில் யஹ்யா பின் இப்ராஹிம், முடிந்தது. இந்துத் தமிழர்களுக்கு 'ஏ சாய்கோடு எல்', அதாவது இன்னாரின் மகன். குடும்பப் பெயர் கேட்பாரில்லை. வெளிநாட்டுக்குப் போனால்தான் தலைவலி. என் மகன் படிக்கப் போன இடத்தில் 'பின்' என்பதையே மிடில் நேமாக எடுத்துக்கொண்டு பட்டச் சான்றிதழில் 'பி' என்று ஒரு எழுத்தாகப் போட்டுவிட்டார்கள். பிறகு சண்டை போட்டு மாற்றினான்.

இந்தப் படிவங்களுக்கு நம் பெயர் எப்படிப் புரியுமோ என்று பயந்துகொண்டு பிள்ளைக்குப் பெயர் வைக்காதீர்கள். அதே சமயம் கட்டத்தில் எதை எங்கே எழுதுகிறோம் என்பதில் கவனமாக இருங்கள்.

கிழக்கு_நானா

தங்கச்சி, நான் இலங்கை, அக்கரைப்பற்று. எங்கட பக்கம் வாப்பாட பேர்தான் முன்னெழுத்து. அந்தப் பேருகளப் பாருங்க: மீராலெப்பை, உதுமாலெப்பை, தம்பிலெப்பை, சின்னலெப்பை. தம்பியும் சின்னவும் அரபா? லெப்பை என்டதே அரபு அகராதியில கிடைக்காது. எங்கட மூத்தாப்பாமாருக்கு அது ஒரு கேள்வியாவே இருக்கல்ல. கல்வித் தொண்டு செஞ்ச எம்.சி. சித்திலெப்பை (1838–1898) கண்டியில வாழ்ந்தவர், அவர் பேரிலயும் அந்த லெப்பை இருக்கு. இப்ப பொறக்கிற புள்ளைகளுக்கு எல்லாம் தனி அரபுப் பேர். லெப்பை முன்னெழுத்துக்குள்ள ஒளிஞ்சி, அடுத்த தலைமுறையில அந்த எழுத்தும் இல்லாமப் போகுது. எனக்கு அது பெரிய கவலை.

உங்கட மாமாட பேர் முத்து மீரான் என்டு எழுதியிருந்தீங்க. திரும்பத் திரும்ப வாசிச்சன். அழகான பேர்.

கீழக்கரை_வாத்தியார்

மகளுக்கு ஸலாம். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன், ஓதிக்கொடுத்த பழக்கமும் உண்டு. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கத்தில் தடையா என்று கேட்டாய். பெயர் அரபியில் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பொருள் நல்லதாக இருக்க வேண்டும், இணை வைக்கிற பொருள் வரக் கூடாது. நபியவர்கள் மாற்றியதெல்லாம் பொருள் கெட்ட பெயர்களைத்தான். ஆஸியா, அதாவது மாறு செய்பவள் என்ற பொருளில் இருந்த பெண்ணின் பெயரை ஜமீலா என்று மாற்றினார்கள். அரபிப் பெயர்களிலும் மாற்ற வேண்டியவை இருந்தன என்பதுதான் இதில் தெரிகிறது. உன் கணவர் பெயரையே எடுத்துக்கொள். இப்ராஹிம் என்பது அரபு இலக்கணத்தில் வெளியூர்ப் பெயர். அஜமிய்யான, அதாவது அரபல்லாத சொல் என்பதால் அதற்குத் தன்வீன், அதாவது சொல்லின் கடைசியில் வரும் 'ன்' ஓசை ஏறாது. யூசுஃப், இஸ்மாயீல், யஃகூப் எல்லாம் அதே வகை. குர்ஆனுக்குள்ளேயே வேற்று மொழிப் பெயர்கள் அந்தத் தன்மை மாறாமல் இருக்கின்றன. ஆகவே இனியன் என்று வைத்தால் குற்றமில்லை, நல்ல பொருள்தான்.

ஆனால் மகளே, நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறுத்தியது. பிள்ளையின் பெயரில் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று புதிதாகத் தேடுகிறாய். அதே வீட்டில் உன் கணவர் தன் பெயரில் இருக்கிற தமிழ்ச் சொல்லை வெட்டப் போகிறார். முத்து என்பது என்ன மொழி?

மீரான் என்பது அமீர் என்ற அரபுச் சொல் பாரசீகத்தில் மீர் ஆகி, அங்கே பன்மையும் சேர்ந்து வந்தது. நாகூர் ஆண்டகையை மீரான் சாகிபு என்று அழைத்த பழக்கத்தில் நம் கடற்கரையெங்கும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். முத்து நம்முடையது. அதுவும் காயல்காரர் பெயரில் வருகிற முத்து. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த கரை அது. கொற்கை, காயல் என்று வரிசையாகத் துறைமுகங்கள் முத்தால் வாழ்ந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அரபு வணிகர் அந்தக் கரைக்கு வந்ததற்கு முத்தும் ஒரு காரணம். அந்த இரு மொழிக்காரர்கள் கலந்ததன் அடையாளம் உன் மாமனார் பெயரில் இரண்டே சொல்லில் இருக்கிறது.

எங்கள் ஊர் வள்ளல் செய்கு அப்துல் காதிர். தமிழ் நாக்கு அந்தப் பெயரை உருட்டி உருட்டிச் சீதக்காதி ஆக்கியது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்கிற எத்தனை பேருக்கு அது அரபுப் பெயர் என்று தெரியும்? சீனி முகம்மது, பிச்சை முகம்மது, நெய்னா முகம்மது என்று நம் முன்னோர் தயங்காமல் தமிழைச் சேர்த்து வைத்தார்கள். நெய்னா என்பது நயினார்தான்.

பெயரை எழுதிய விதத்தையும் சொல்கிறேன். அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதும்போது ட, ங, ப போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டினார்கள். முத்துவுக்கு அந்தச் சிரமமும் இல்லை. மீம் எழுத்துக்கு உகரக் குறியான பேஷ் போட்டால் மு, தே எழுத்துக்கு இரட்டிக்கும் குறியான ஷத்தும் பேஷும் போட்டால் முத்து. எந்த மக்தப் பிள்ளையும் எழுத்துக்கூட்டி ஓதிவிடும்.

இளமாறனின் தாய் சொன்ன சங்கிலியை அப்படியே போட்டுப் பார். யஹ்யா, இப்ராஹிம், முத்து மீரான். நடுக் கட்டத்தில் தகப்பன், கடைசிக் கட்டத்தில் பாட்டன். பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்ற அஹ்ஸாப் சூராவின் ஐந்தாம் வசனமும் நிறைவேறுகிறது, நீ தேடிய தமிழும் அதில் இருக்கிறது.

மேலப்பாளையத்தான்

சார், இதைப் படிச்சிட்டு எங்க வீட்டுப் பழைய பெயரையெல்லாம் எழுதி வைக்கணும்னு தோணுது. எங்க பாட்டனாரோட வாப்பா பெயர் பிச்சைக்கனி. இப்போ வீட்டில் யாரும் அதைச் சொல்றதில்லை.

டல்லாஸ்_அத்தா

தாள் சம்பந்தமா நான் சொல்றேன். இருபது வருஷமா இந்த நாட்டில் சொந்தக்காரங்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்த அனுபவம்.

மிடில் நேம் காலியா இருந்தா ஒண்ணும் ஆகாது. சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் மிடில் நேமைச் சட்டப்பூர்வப் பெயரின் பகுதியாவே எடுத்துக்கிறதில்லை. லாஸ்ட் நேம் இல்லாம இருக்கிறதுதான் வினை. ஊரிலிருந்து ஒத்தைப் பெயரோட பாஸ்போர்ட் எடுத்து வர்றவங்களுக்கு அமெரிக்க விசாவில் ஃபர்ஸ்ட் நேம் இடத்தில் 'எஃப்என்யூ'ன்னு விழும், பெயர் தெரியலைன்னு அர்த்தம். 2022 நவம்பரில் அமீரகம்கூட ஒத்தைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லைன்னு அறிவிச்சாங்க. நம்ம ஊர்ப் பாஸ்போர்ட்டில் மிடில் நேம்னு தனிக் கட்டமே கிடையாது, கிவன் நேம், சர்நேம் ரெண்டுதான். குழம்புறது அங்கிருந்து இங்கே வரும்போதுதான்.

வாத்தியார் சொன்ன வரிசையில் இன்னொரு பெரிய லாபம். பிள்ளைக்கும் வாப்பாவுக்கும் லாஸ்ட் நேம் ஒண்ணா இருக்கும். நம்ம வழக்கப்படி பிள்ளை வாப்பா பெயரை லாஸ்ட் நேமா எடுத்தா ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறிட்டே போகும். நானே என் மகளோட தனியாப் பயணம் போனப்போ ரெண்டு பேருக்கும் வேற வேற லாஸ்ட் நேம்னு பிறப்புச் சான்றிதழைக் கேட்டு ஓரமா உட்கார வெச்சாங்க. அன்னைக்கு என் மகள் பயந்துபோய் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததை இன்னும் மறக்கலை.

முத்து மீரானை ரெண்டு சொல்லா விடாதீங்க. இடைவெளி இருந்தாத்தான் முதல் பாதி மிடில் நேமுக்கு ஓடிப் போகும், உங்க வீட்டுக்காரருக்கு நடந்தது அதுதான். முத்துவை வெட்ட வேண்டாம், ஒட்டிடுங்க. சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் பெயர் மாத்தக் கேட்கலாம்னு சொன்னீங்களே, அதில் முத்துமீரான்னு ஒரே சொல்லாக் கேட்கட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. பெயர் மாத்தணும்னா நீதிமன்றம் நடத்துற உறுதிமொழி நிகழ்ச்சிக்குத்தான் போகணும். சில ஊரில் அதுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும்.

பிள்ளைக்கு முதல் நாளே ஒட்டி எழுதிடுங்க. பாஸ்போர்ட்டில் கீழே மெஷின் படிக்கிற வரியில் பெயருக்கு 39 இடம். முத்துமீரான் 11, பிரிக்கிற குறி 2, யஹ்யா 5, இன்னொரு குறி, இப்ராஹிம் 7. மொத்தம் 26. ஒரு எழுத்தும் வெட்டுப்படாது.

தஞ்சை_ராவுத்தர்

எல்லாம் சரிதான். முகம்மது இல்லாமல் போகுதேன்னு எனக்கு மனசு ஆறலை, அதை மறைக்க விரும்பலை. ஆனா இதையும் சொல்லணும். முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கு. ரசூலுல்லாஹ்வுக்கு ஆண்பிள்ளை பிறந்தப்போ, நேற்றிரவு எனக்கு ஒரு மகன் பிறந்தான், என் தந்தை இப்ராஹிமின் பெயரை அவனுக்கு வைத்தேன் என்று சொன்னாங்க. பாட்டன் பெயரைத் தேடிப் போய் வைக்கிறதும் சுன்னத்துதான், அதாவது நபிவழிதான். மாமியிடம் இதைச் சொல்லுங்க தங்கச்சி.

காயல்_பொண்ணு

வாத்தியார் சாருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் எழுதவில்லை. அந்த உறுத்தல் எனக்கே முதலில் வந்திருக்கணும். இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷமாக அந்தப் பெயரை எத்தனை தாளில் எழுதியிருக்கிறேன். முத்து என்ற சொல்லை ஒரு தடவைகூட நான் தமிழாகப் பார்க்கவில்லை, பிழை திருத்தவேண்டிய ஒரு கட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மாமா மவுத்தாகி ஆறு வருஷம். நான் அவரைப் பார்த்ததில்லை. மச்சான் ஊரில் அவர் சின்னாப்பாவிடம் கேட்டு, பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேடு) மாமா மாமி கல்யாணப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். நேற்று வந்தது. ஓரம் பழுப்பேறிப்போன தாள், நீல மை. மாப்பிள்ளை பெயருக்கு நேரே தமிழில் முத்து மீரான் என்று எழுதி, கீழே மாமா அரபுத் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சார் சொன்னது போலவே மீம், அதன் தலையில் பேஷ், பிறகு தே. ஷத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறார், மேல் வரியைத் தொடுகிறது. பெண் பக்கத்தில் மாமியின் வாப்பா 'வலி', அதாவது பெண்ணின் பொறுப்பாளர் என்ற முறையில் கையெழுத்திட்டிருக்கிறார். மச்சான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மீரானை மட்டும் வச்சா இது வாப்பா பெயரில்லையே" என்றார்.

வெட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். மாமியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. ராவுத்தர் அண்ணன் சொன்ன ஹதீஸை மச்சானே எடுத்துச் சொல்வதாக இருக்கிறார்.

இளமாறன்_அம்மா

இனியன் என்னவாயிற்று? அதையும் விட்டுவிடாதீர்கள்.

காயல்_பொண்ணு

இல்லை ராத்தா, விடவில்லை. அது நான் கூப்பிடுகிற பெயர். நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டே. அதைத் தாளில் ஏற்ற வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கிழக்கு_நானா

புள்ள பொறந்ததும் மறக்காம எழுதுங்க. துஆ செய்றம்.

காயல்_பொண்ணு

அல்ஹம்துலில்லாஹ். மகன் பிறந்து பத்து நாள் ஆகிறது. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டான். இருவரும் நலம். மச்சான் வலது காதில் பாங்கு சொன்னார்.

படிவத்தை இரண்டாம் நாள் காலையில் நிரப்பினோம். யஹ்யா, இப்ராஹிம், முத்துமீரான். வாங்க வந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்து, கடைசிக் கட்டம் ஒரே சொல்தானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஒரே சொல்தான் என்று மச்சான் சொன்னார்.

ஏழாம் நாள் ஊரில் மாமி இரண்டு ஆடு கொடுத்து அகீகா செய்தார்கள். இங்கே தலைமுடி இறக்கினோம். வீடியோவில் மாமி. முகம்மது வைக்காததைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மாமி ஒருநாளும் மாமாவின் பெயரைச் சொன்னதில்லை. பிள்ளைகளின் வாப்பா என்பார்கள், அல்லது வெறுமனே "அவங்க". நானும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, மாமா என்றுதான் சொல்வேன். அதனால் மச்சான்தான் படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் முழுப் பெயரையும் படித்தார்.

மாமி உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கடைசியில் என்ன வாப்பா, இன்னொரு தரம் வாசி" என்றார்கள். அவர் வாசித்தார். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். மூன்று தடவை வாசித்தார். இவன் அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டான், பால் கொடுக்க எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் மச்சானும் முத்துமீரான் என்று ஒட்டியே கேட்டிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே சொல்கிறேன்.